சீசன் நடுவே கழுவாமல் விட்ட குழல்: எந்தக் கோளாறுக்கு என்ன வைத்தியம்

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், கல் உரசிய பொறியால் வெடிக்கும் சிக்கிமுக்கித் துப்பாக்கிக்கென்றே ஒரு மான் வேட்டை சீசன் திறக்கும். ஜனவரி பாதி வரை போகும். முதல் நாள் காலையிலேயே ஒரு வெடி வெடித்து, மானும் தப்பிவிட்டது என்று வையுங்கள். நாளைக்கும் போகவேண்டும், நாளை மறுநாளும் போகவேண்டும். விரல் விறைத்துப்போய் இருட்டில் வீடு திரும்புகிறவனுக்கு, வாளியில் தண்ணீர் பிடித்துக் குழலைக் கழுவ மனசு வருமா? 'சீசன் முடியட்டும், மொத்தமாகக் கழுவிக்கொள்ளலாம்' என்று மூலையில் சாத்திவிடுவோம். நானும் அப்படிச் சாத்தியவன்தான்.

குழல்வாய் வழியாக மருந்தும் குண்டும் போட்டுக் கோலால் கெட்டிக்கும் துப்பாக்கியைத் தமிழ்நாட்டில் நாட்டுத் துப்பாக்கி என்போம். வன்னிப் பக்கம் இடியன் என்பார்கள். நல்ல பெயர், கீழே நானும் அதையே வைத்துக்கொள்கிறேன். சுட்ட குழலைக் கழுவாமல் விட்டால் என்னென்ன தெரியும், தெரிந்தால் என்ன செய்வது என்பதுதான் விஷயம்.

கோளாறு எதுவானாலும் முதல் வேலை ஒன்றுதான்: உள்ளே மருந்து இருக்கிறதா என்று பாருங்கள். காலிக் குழலில் கோலை அடி வரை விட்டு, குழல்வாய்க்கு நேராகக் கோலில் ஒரு கோடு. கெட்டித்த பிறகு இன்னொரு கோடு. இந்த இரண்டு கோடும் இல்லாத கோல் வெறும் குச்சி. சீசன் நடுவே 'நேற்று சுட்டோமா, கெட்டித்து வைத்தோமா' என்று ஞாபகத்தை நம்பாதீர்கள், கோட்டை நம்புங்கள்.

அதற்கும் முன்னால்: நீங்கள் போட்ட மருந்து எது?

'அழுக்கோடு விடலாமா' என்ற கேள்விக்கு ஒருவர் விடலாம் என்பார், இன்னொருவர் கூடவே கூடாது என்பார். இருவரும் உண்மைதான் சொல்கிறார்கள், போட்ட மருந்துதான் வேறு வேறு.

வெடியுப்பு, கரி, கந்தகம் சேர்ந்த பழைய கறுப்பு மருந்து எரிந்தால், அதன் எடையில் பாதிக்கும் மேல் திடப்பொருளாக மிஞ்சும். 90 கிரெய்ன் போட்டால் அது ஏறக்குறைய 5.8 கிராம். அதில் 3 கிராம் போல உப்பும் கரியும்தான். கொஞ்சம் புகையோடு வெளியே போகும், மிச்சம் குழலில் அப்பிக்கொள்ளும். அதிலிருக்கும் பொட்டாசியம் கார்பனேட், காற்றில் ஈரப்பதம் 43 சதவீதத்தைத் தாண்டினாலே தண்ணீரை இழுத்துக் கசிய ஆரம்பித்துவிடும். ஐப்பசி அடைமழையில் கல்லுப்பு ஜாடி கசிகிற மாதிரிதான், இது அதற்கும் முன்னாலேயே கசியும்.

பைரோடெக்ஸ், டிரிபிள் செவன் போன்ற மாற்று மருந்துகளில் பொட்டாசியம் பெர்குளோரேட் இருக்கிறது. அது எரிந்தால் பொட்டாசியம் குளோரைடு. சாப்பாட்டு உப்புக்குப் பங்காளி. கடற்கரை வீட்டு ஜன்னல் கம்பி என்ன கதி ஆகிறதோ அதே கதிதான் குழலுக்கும். டிரிபிள் செவனில் கந்தகம் இல்லை, அதனால் கழுவும்போது அழுகிய முட்டை நாற்றம் வராது. நாற்றம் இல்லையே என்று ஏமாறக் கூடாது, துரு வரும்.

பிளாக்ஹார்ன் 209 வேறு ஜாதி. நைட்ரோசெல்லுலோஸ் அடிப்படையில் செய்தது. அதன் கசடு மற்றவை போல ஈரத்தை உறிஞ்சாது. சில நாள் அழுக்கோடு வேட்டையாடலாம் என்பவர்கள் பெரும்பாலும் இதைப் போடுகிறவர்கள்தான். ஆனால் அதற்கு 209 பிரைமர், அதாவது ஷாட்கன் தோட்டாவில் வரும் பற்றவைப்பான், கொடுக்கிற சூடு வேண்டும். சிக்கிமுக்கித் துப்பாக்கியில் அது பற்றாது, சாதாரண கேப்பிலும் (சுத்தியல் அடித்ததும் பொறி விடும் சின்னச் செம்பு மூடி) நம்ப முடியாது. அதன் கசடு தண்ணீரில் கரையாது என்பதையும் நினைவில் வையுங்கள். கீழே நான் தண்ணீர் தண்ணீர் என்று சொல்வதெல்லாம் மற்ற மருந்துகளுக்கு. பிளாக்ஹார்னுக்கு, தண்ணீர் கலக்காத, புகையில்லா மருந்துக்கான கரைப்பான் வாங்குங்கள்.

மறுநாள் உள்ளே விட்ட துணி ஆரஞ்சு நிறத்தில் வருகிறது

அதிகம் பேர் பயப்படுவது இதைப் பார்த்துத்தான். நிறத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்.

கழுவி முடித்த ஒரு மணி நேரத்தில் வெளிர் பழுப்பாக, டீ சிந்திய கறை மாதிரி வந்தால், அது பெரும்பாலும் கொதிக்கும் தண்ணீர் செய்த வேலை. சூடான எஃகில் தண்ணீர் ஆவியாகும்போது மெல்லிய துரு உடனே படியும். எண்ணெய்த் துணி இரண்டு முறை போய் வந்தால் நின்றுவிடும். அடுத்த தடவை வெதுவெதுப்பான தண்ணீர் போதும். உப்பைக் கரைக்கக் கொதிநீர் தேவையே இல்லை.

ஆரஞ்சும் கறுப்பும் கலந்து, துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தால் உள்ளே உப்பு மிச்சம் இருக்கிறது. அதன்மேல் எண்ணெய் பூசினால் உப்பை மூடி வைத்துப் பாதுகாத்ததாகத்தான் ஆகும். திரும்பக் கழுவத்தான் வேண்டும்.

என் முதல் சீசனில் நடந்தது இது. வெளியே மைனஸ் 6 டிகிரி. நாள் முழுக்கக் குளிரில் கிடந்த இடியனை, ஒரு வெடி வெடித்த அழுக்கோடு, அறைச்சூட்டில் ஹீட்டர் பக்கத்தில் சாத்தினேன். நல்ல உலர்ந்த இடம் என்று எனக்கு நினைப்பு. ஐஸ் தண்ணீர்ச் செம்பின் வெளிப்பக்கம் வியர்ப்பது போலக் குழல் உள்ளும் புறமும் வியர்த்தது. வெளியே வழிந்ததைத் துடைத்தேன், உள்ளே வழிந்ததை யார் பார்த்தது? காலையில் திரும்பக் குளிருக்கு, சாயங்காலம் திரும்ப ஹீட்டருக்கு. மூன்றாம் நாள் துணி விட்டபோது மிளகாய்த்தூள் நிறத்தில் வந்தது.

ஆகவே ஒரு ராத்திரி அழுக்கோடு விட்டே தீரவேண்டும் என்றால், வெளிக்குளிர் மாறாத பூட்டிய இடத்தில் விடுங்கள். சூடான அறைக்குக் கொண்டுவருவதென்றால் அன்றைக்கே கழுவுங்கள். இரண்டுங்கெட்டான் வேலைதான் குழலைத் தின்கிறது. மழையோ பனி உருகும் ஈரமோ இருந்தால், கறுப்பு மருந்துக்கும் பெர்குளோரேட் மருந்துக்கும் ஒரு ராத்திரிகூட நான் கொடுக்க மாட்டேன்.

கழுவும் முறை பெரிய வித்தையில்லை. குழல் தனியாகக் கழன்று வரும் வகையென்றால் அடிப்பக்கத்தை வாளித் தண்ணீரில் வைத்து, ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டு, கோலில் ஈரத்துணி மாட்டி மேலும் கீழும் இழுங்கள். நிப்பிள் (கேப்பை மாட்டும் துளையுள்ள சிறு முனை) வழியாக அல்லது சிக்கிமுக்கியின் நெருப்புத் துளை வழியாகத் தண்ணீர் உறிஞ்சிப் பீய்ச்சும். முதல் வாளி மை மாதிரி ஆகும், அந்த முட்டை நாற்றமும் வரும். இரண்டாவது வாளி சாம்பல் நிறம். மூன்றாவது தெளிந்துவிடும். கழலாத குழலென்றால் நெருப்புத் துளையைப் பல்குச்சியால் அடைத்து, தண்ணீர் ஊற்றி, சில நிமிடம் ஊறவிட்டுக் கவிழ்த்துங்கள். அப்புறம் உலர்ந்த துணி, ஆல்கஹால் நனைத்த துணி ஒன்று, கடைசியில் மெல்லிய எண்ணெய். கண்ணாடி துடைக்கும் நீலத் திரவம்தான் சிறந்தது என்று சிலர் சத்தியம் செய்வார்கள். அதில் வேலை செய்வதும் தண்ணீர்தான்.

எண்ணெய் பூசியதும் துப்பாக்கியைக் குழல்வாய் கீழே இருக்கும்படி ஒரு பழந்துணிமேல் நிறுத்தி வையுங்கள். ஏன் என்பது அடுத்தடுத்த கோளாறில் வரும்.

குண்டு பாதி வழியில் நிற்கிறது

காலையில் சுலபமாக இறங்கிய அதே குண்டு, குண்டைச் சுற்றும் அதே துணி. இரண்டாவது தடவை கெட்டிக்கும்போது அடியிலிருந்து நாலு விரல் மேலே நின்றுவிடுகிறது. கசடு உலர்ந்து இறுகியிருக்கிறது, அவ்வளவுதான். டிரிபிள் செவன் போடுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். குண்டின் அடி இருந்த இடத்தில் மோதிரம் போல ஒரு வளையம் கெட்டியாகப் படியும்.

இங்கே ஒரே ஒரு விதி. அப்படி நின்ற குண்டைச் சுடாதீர்கள். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே காற்றிடைவெளி இருந்தால் அந்த இடத்தில் குழல் உப்பலாம், வெடிக்கவும் செய்யலாம். கோலின் கோடு குழல்வாய்க்கு நேராக வராத வரை கேப்பைத் தொடக்கூடாது.

குழல்வாய்க்கு நேராக முகத்தையோ உடம்பையோ கொண்டுபோகாமல், கோலைக் குழல்வாயிலிருந்து ஒரு கைப்பிடிக்கு மேல் போகாமல் பிடித்துச் சிறுகச் சிறுக அழுத்திப் பாருங்கள். நீளமாகப் பிடித்து அழுத்தினால் மரக்கோல் முறிந்து உள்ளங்கையில் ஏறிவிடும். இறங்கவில்லை என்றால், நிப்பிள் அல்லது துளை வழியாகத் தண்ணீர் விட்டு மருந்தை நன்றாக நனைத்துவிட்டு, குண்டிழுக்கும் திருகால் வெளியே எடுங்கள்.

இனி வராமல் இருக்க, ஒவ்வொரு வெடிக்கும் பிறகு லேசாக ஈரப்படுத்திய துணி ஒன்று. காட்டில் எச்சில் போதும். ஒரு பக்கம் விட்டு எடுங்கள், திருப்பி மறுபக்கம் விடுங்கள், அப்புறம் உலர்ந்த துணி. சொட்டச் சொட்ட நனைத்தால் கசடு குழம்பாகி அடியில் போய் நெருப்புத் துளையை அடைக்கும். டிரிபிள் செவன் போடும்போது, கறுப்பு மருந்தின் அளவிலிருந்து சுமார் 15 சதவீதம் குறைத்தாலே அதே வேகம் கிடைக்கும். வளையத்தின் தொல்லையும் கொஞ்சம் குறையக் காணலாம்.

கேப் வெடிக்கிறது, துப்பாக்கி வெடிக்கவில்லை

முதலில் அசையாதீர்கள். குழல் ஆபத்தில்லாத திசையிலேயே இருக்கட்டும். உள்ளே பொறி மெதுவாகப் பிடித்துக்கொண்டிருக்கலாம், சில நொடி கழித்து வெடிக்கலாம். ஒரு நிமிடம் குறைந்தபட்சம், நான் இரண்டு நிமிடம் எண்ணுவேன். மான் எப்படியும் போய்விட்டது, அவசரம் என்ன?

காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. நேற்றைய கசடு ஈரம் இழுத்து நெருப்பு போகும் வழியை அடைத்திருக்கும். இல்லையென்றால் கழுவிய பிறகு பூசிய எண்ணெய், துப்பாக்கியை நிமிர்த்தி வைத்ததால் அடியில் இறங்கி மருந்தை நனைத்திருக்கும். குழல்வாயைக் கீழே வைக்கச் சொன்னது இதற்குத்தான்.

மெல்லிய கம்பியால் துளையைக் குத்திச் சுத்தம் செய்து புது கேப் வையுங்கள். சிக்கிமுக்கி என்றால் நெருப்புத் துளைக்கு வெளியே பொறி விழும் சிறு தட்டைத் துடைத்து, பொறியில் முதலில் பற்றும் பற்றுமருந்தைப் புதிதாகப் போடுங்கள். அதுவும் ஏறவில்லை என்றால் நிப்பிளைக் கழற்றி, கொஞ்சம் நுண்மருந்தை அடியில் தூவி மாட்டிச் சுடலாம். கரியமில வாயுக் குப்பி வைத்துக் குண்டைப் பின்னாலிருந்து ஊதித் தள்ளும் சின்னக் கருவியும் கிடைக்கிறது. காசுக்கு மோசமில்லை. அது தள்ளும் குண்டும் வேகமாகத்தான் வெளியே வரும், மண்மேட்டைப் பார்த்துத் தள்ளுங்கள்.

இதைத் தடுக்க எனக்குச் சொல்லிக்கொடுத்த பெரியவரின் வழக்கம் ஒன்று உண்டு. காலையில் கெட்டிக்கும் முன், காலிக் குழலை ஒரு புல்லின் மேல் பிடித்து வெறும் கேப்பை வெடிப்பார். புல் ஆடினால் வழி திறந்திருக்கிறது. அப்புறம் ஒரு துணியைக் கோலோடு அடி வரை விட்டு, இன்னொரு கேப். துணியை எடுத்தால் நடுவில் பொட்டு வைத்த மாதிரிக் கரிந்திருக்க வேண்டும். பொட்டு இல்லை என்றால் அன்றைக்கு மருந்தைக் கொட்டுவதற்கு முன்னால் குத்துக்கம்பிக்கு வேலை இருக்கிறது. பத்து வருஷமாக அந்தப் பொட்டைப் பார்க்காமல் நான் மருந்துக் குப்பியைத் திறந்ததில்லை.

சிக்கிமுக்கிக்காரர்களுக்கு இன்னொரு தலைவலி தட்டு. ஈரமான நாளில், சுட்டுச் சில நிமிடத்துக்குள் தட்டிலிருக்கும் கசடு கறுப்புத் தண்ணீராகிவிடும். அதன்மேல் புதுப் பற்றுமருந்து போட்டால் கூழ்தான். சட்டைப்பையில் ஒரு துணி, தட்டையும் கல் உரசும் இரும்பையும் ஒவ்வொரு முறையும் துடைக்க. துளையில் ஒரு பறவை இறகைச் செருகி வைக்கும் பழைய பழக்கமும் நல்லதே.

முதல் குண்டு ஓரிடம், அடுத்ததெல்லாம் வேறிடம்

மனிதர்கள் குழலை வேண்டுமென்றே அழுக்கோடு வைப்பதற்குக் காரணமே இதுதான், அதனால் கொஞ்சம் விலாவாரியாகச் சொல்கிறேன். சுத்தமான குழலில், அதிலும் எண்ணெய்ப் பசை இருந்தால், குண்டு ஒரு விதமாகப் போகும். கசடு படிந்த குழலில் உராய்வு மாறும், அழுத்தம் மாறும், குண்டு விழும் இடமும் மாறும். குறி பார்க்கும் மைதானத்தில் நாலு வெடி போட்ட பிறகு சரிசெய்த குறி, அழுக்குக் குழலுக்கான குறி. அதனால்தான் சீசனுக்கு முன் ஒரு வெடி போட்டு, அந்த அழுக்கின் மேலேயே கெட்டித்து எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

தர்க்கம் சரிதான். ஆனால் முந்தாநாள் படிந்து ஈரம் இழுத்து நிற்கிற கசடு, மைதானத்தில் ஐந்து நிமிடத்துக்கு முன் படிந்த கசடு அல்ல. எந்த நிலைமைக்குக் குறி வைத்தார்களோ அந்த நிலைமை ஒரே ராத்திரியில் போய்விடுகிறது. கூடவே துருவும் வருகிறது.

எனக்குப் பிடித்த வழி தலைகீழானது. வேட்டையில் எண்ணுவது முதல் குண்டு. அதைச் சுத்தமான குழலிலிருந்தே சுடப் பழகுங்கள். சீசனுக்கு முன் மூன்று தனித்தனி நாளில், ஒவ்வொரு நாளும் கழுவி, எண்ணெயை ஆல்கஹால் துணியால் முழுக்க எடுத்து, கேப் வெடித்துப் பார்த்து, ஒரே ஒரு குண்டு சுடுங்கள். மூன்றையும் ஒரே அட்டையில். என் .50 (குழல் விட்டம் அரை அங்குலம்) இடியனில் அந்த மூன்றும் 50 கஜத்தில், அழுக்குக் குழலின் குண்டுகள் கூடி விழுந்த இடத்துக்கு இரண்டு அங்குலம் மேலே ஒன்றாகக் கூடி நின்றன. குறியை அங்கே மாற்றினேன், அழுக்கோடு அலையும் வேலை முடிந்தது. எண்ணெயை முழுக்க எடுக்கவில்லை என்றால் மட்டும் இந்தக் கணக்கு தப்பும்.

சுடாமலே நாள் முடிந்தால்? சுத்தக் குழலில் கெட்டித்தது என்றால், கேப்பை எடுத்துவிட்டு அல்லது தட்டைத் துடைத்துவிட்டு, குளிர் மாறாத பூட்டிய இடத்தில் அடுத்த நாளைக்கு வைப்பவர்கள் உண்டு. பல மாநிலங்களில் கேப்போ பற்றுமருந்தோ எடுத்துவிட்டாலே அது காலித் துப்பாக்கிக் கணக்கு. உங்கள் மாநில விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். சட்டம் என்ன சொன்னாலும் உள்ளே மருந்து இருப்பது இருப்பதுதான். வீட்டில் குழந்தை இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம், அனுமதியுள்ள இடத்தில் மண்ணில் சுட்டுத் தீர்த்துவிட்டுக் கழுவுங்கள்.

துணியில் தார் மாதிரி ஒட்டுகிறது

சாதாரணத் துப்பாக்கிக்குப் பூசும் பெட்ரோலிய எண்ணெயும் கறுப்பு மருந்துக் கசடும் சேர்ந்தால் இப்படி ஆகும். தண்ணீர் மட்டும் விட்டால் போகாது. முதலில் ஆல்கஹால் அல்லது எண்ணெய் கரைப்பானால் எண்ணெயை எடுங்கள், அப்புறம் சோப்புத் தண்ணீர். சீசனுக்குள் பாலிஸ்டால் போலத் தண்ணீரோடு கலக்கும் எண்ணெய் உத்தமம். ஜெர்மனியில் 1904ல் வந்த சரக்கு, தண்ணீரில் விட்டால் பால் போல வெளுக்கும்.

பிரீச் பிளக் அல்லது நிப்பிள் கழல மாட்டேன் என்கிறது

பிரீச் பிளக் என்பது குழலின் பின்முனையை அடைக்கும் திருகு. கசடு மரையில் புகுந்து உப்பும் துருவுமாக இறுகியிருக்கிறது. சாவியை நீட்டிப் பலம் காட்டினால் முனை மழுங்கும், அப்புறம் பட்டறைதான் கதி. ஊடுருவும் எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில் சாவியைச் சரியாகப் பொருத்தி, முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு சின்ன அசைவு, பிறகு கழற்றும் பக்கம். வந்ததும் மரையைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, மரை ஒட்டாமல் தடுக்கும் கிரீஸ் தடவி மாட்டுங்கள். பிளாக்ஹார்ன்காரர்களுக்கும் இது பொருந்தும். குழல் துருப்பிடிக்காவிட்டாலும் பிளக்கின் நெருப்புத் துளையில் கரி அடையாக ஏறும்.

கழுவியாயிற்று, ஆனால் ஒரே இடத்தில் கோல் கரகரக்கிறது

இறுக்கமான துணியை மெதுவாக அடியிலிருந்து மேலே இழுங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் கை தடுக்கினால், துணியும் அங்கே பிசிறினால், துரு குழி பறித்திருக்கிறது. பெரும்பாலும் அது அடியிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள், கசடு அதிகம் தங்கும் இடத்தில் இருக்கும். சின்ன விளக்கைக் குழலுக்குள் இறக்கிப் பாருங்கள். உப்புக்காகிதம் போலக் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால், மிக நுண்ணிய எஃகுப் பஞ்சைப் பழைய பிரஷ்ஷில் சுற்றி எண்ணெயோடு இருபது முப்பது தடவை இழுத்துப் பாருங்கள். என் மிளகாய்த்தூள் குழல் இதோடு பிழைத்தது. புள்ளிகள் இன்னும் இருக்கின்றன, குண்டு நேராகத்தான் போகிறது, ஆனால் அந்த ஒரு சாணைக் கழுவ மட்டும் இரண்டு மடங்கு துணி ஆகிறது.

விரல்நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம், குண்டைச் சுற்றும் துணி கிழிந்து வெளியே விழுகிறது என்றால் வீட்டு வைத்தியம் முடிந்தது. குழல் சுவர் தாங்கும் கனமிருந்தால் .50ஐ .54ஆகக் கடைந்து புது வரிப்பள்ளம் வெட்டித் தரும் தொழில்காரர்கள் இருக்கிறார்கள். கனம் இருக்கிறதா என்று அவர் அளந்து சொல்லும் வரை அந்தக் குழலில் மருந்து போடாதீர்கள்.